‘சாக்ஸபோன் கொலோசஸ்’ கேட்க உட்காருபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஆல்பம்? யார் வாசித்தது?

சன்னி ரோலின்ஸ் என்ற அமெரிக்க டெனர் சாக்ஸபோன் கலைஞர் 1956 ஜூன் 22 அன்று ஒரே நாளில் பதிவு செய்த ஆல்பம். அப்போது அவருக்கு வயது 25. கூட வாசித்தவர்கள் மூன்றே பேர்: பியானோவில் டாமி ஃபிளானகன், பேஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். உருப்படிகள் ஐந்து, மொத்தம் 40 நிமிடம். பிரெஸ்டீஜ் கம்பெனியின் வெளியீடு. நீலப் பின்னணியில் சாக்ஸபோனோடு கறுப்பு நிழலாக ஒருவர் நிற்கும் அட்டையை ஜாஸ் கேட்காதவர்கள்கூட எங்காவது பார்த்திருப்பார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகள் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில், 2016ஆம் ஆண்டுக்கான வரிசையில் இதுவும் சேர்ந்தது.

இந்த ஆல்பத்தை ‘ஹார்ட் பாப்’ வகை ஜாஸ் என்கிறார்களே, ஹார்ட் பாப் என்றால் என்ன?

மைக்கேல் ஜாக்சன் பாடிய பாப் இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது, அவ்வளவுதான்.

1940களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி போன்றவர்கள் ஆடுவதற்காக வாசிக்கப்பட்டுவந்த ஜாஸை, உட்கார்ந்து கேட்கவேண்டிய வேகமான, சிக்கலான இசையாக மாற்றினார்கள். அது பீபாப். 1950களில் கலிஃபோர்னியா பக்கம் அதன் சூட்டைத் தணித்து மென்மையாக வாசிக்கும் போக்கு ஒன்று வளர்ந்தது. நியூயார்க், டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா நகரங்களின் கறுப்பின இளைஞர்களுக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. பீபாப்பின் இலக்கணத்தை வைத்துக்கொண்டே, தேவாலயத்தில் கேட்டு வளர்ந்த பாட்டையும், ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டு வகையையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். டிரம்ஸ் முன்னுக்கு வந்தது. டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியும் பியானோ கலைஞர் ஹொரேஸ் சில்வரும் இதில் முன்னோடிகள். இந்த ஆல்பத்தில் பியானோவும் பேஸும் வாசிக்கும் இருவருமே டெட்ராய்ட்காரர்கள்.

ஆனாலும் இதை ஹார்ட் பாப்புக்கு அச்சு அசலான உதாரணம் என்று சொல்லமாட்டேன். ஐந்தில் ஒன்று கரீபியன் மெட்டு, இன்னொன்று பெர்லின் நாடகப் பாட்டு. வாசிக்கும் முறையில்தான் ஹார்ட் பாப் இருக்கிறது.

‘டூயட்’ படத்தில் கேட்ட சாக்ஸபோன்தானே இதுவும்?

ஒரே குடும்பம், வேறு பிள்ளை. அந்தப் படத்துக்கு வாசித்த கத்ரி கோபால்நாத்தின் கையில் இருந்தது ஆல்டோ சாக்ஸபோன். ரோலின்ஸுடையது டெனர். உருவத்தில் பெரியது, சுருதி தாழ்ந்தது, ஓர் ஆணின் பேச்சுக்குரல் உயரத்தில் ஒலிக்கும். கத்ரி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார். நம் காதுக்கு அது சாக்ஸபோனின் இயல்பாகவே படிந்துபோய்விட்டது. ரோலின்ஸ் சுரங்களை வெட்டி வெட்டி வைப்பவர். குரல் கரகரப்பு. இழையும் இனிமையை எதிர்பார்த்து வந்தால் முதல் ஐந்து நிமிடம் முரட்டுத்தனமாகத் தோன்றலாம். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடல் வரி கிடையாது, ராகப் பெயர் கிடையாது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

மெட்டை.

ஜாஸில் பெரும்பாலான உருப்படிகளின் கட்டமைப்பு எளிமையானது. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அது 12 பார், 16 பார், 32 பார் என்று ஓர் அளவில் அமைந்திருக்கும் (பார் என்பது சில அடிகள் கொண்ட சிறு தாள அளவு). அப்புறம் அந்த அளவும் அதன் கார்டு வரிசையும் (கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க, அதன்மேல் ஒவ்வொருவராக மனோதர்மத்தில் வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும், முடியும். மெட்டு ஓடி மறைந்தபின் வருவதெல்லாம் ஏதோ தோன்றியபடி ஊதுவது என்று நினைத்தால் அங்கேயே ஆர்வம் போய்விடும். சுற்று நிற்பதே இல்லை, அது கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான். ஆரம்பத்து மெட்டை நாலைந்து முறை கேட்டு மனப்பாடம் செய்துவிடுங்கள். தனி வாசிப்பு தொடங்கியதும் அதே மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். ரோலின்ஸ் எந்த இடத்தில் மெட்டின் ஒரு துண்டைத் தொட்டுவிட்டுப் போகிறார், எந்த இடத்தில் வேண்டுமென்றே தள்ளிப் போகிறார் என்று தானாகவே பிடிபட ஆரம்பிக்கும். மற்ற பல கலைஞர்களிடம் இந்த வழி இவ்வளவு பலன் தராது. அவர்கள் மெட்டை வைத்துவிட்டுக் கார்டுகளின் மேல் போய்விடுவார்கள். ரோலின்ஸ் மெட்டை மறப்பதில்லை. இந்த ஆல்பத்தின் தனிச்சிறப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் நிரவலை நினைத்துக்கொள்ளலாம். ஒரே வரியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல், சங்கதியை விரித்துக்கொண்டே போவது போலத்தான் ரோலின்ஸும் ஒரு சிறு துண்டை விரிக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அவர் அந்தத் துண்டு விழும் இடத்தையும் மாற்றுவார். ஒரு அடி முன்னால், அரை அடி பின்னால் என்று தள்ளி வைத்துப் பார்ப்பார்.

எதில் தொடங்கலாம்?

ஆல்பம் தொடங்கும் இடத்திலேயே: ‘செயின்ட் தாமஸ்’. இது ரோலின்ஸின் பெயரில் பதிவாகியிருந்தாலும் கரீபியன் தீவுகளில் பழகிய மெட்டு. அவருடைய பெற்றோர் வர்ஜின் தீவுகளிலிருந்து நியூயார்க்கில் குடியேறியவர்கள். அம்மா பாடிக் கேட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். ராண்டி வெஸ்டன் என்ற பியானோ கலைஞர் இதே மெட்டை ‘ஃபயர் டவுன் தேர்’ என்ற பெயரில் 1955லேயே பதிவு செய்துவிட்டார்.

தொடக்கத்தில் மேக்ஸ் ரோச் மட்டும் கலிப்ஸோ என்ற கரீபியன் தாளத்தை வாசிக்கிறார். பிறகு சாக்ஸபோனில் 16 பார் மெட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுவது மாதிரி எளிமையாக இருக்கும். அதன்பின் ரோலின்ஸின் தனி தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டே சுரம் கொண்ட ஒரு துண்டு. அதை வாசித்துவிட்டு நிறுத்துகிறார். மறுபடி அதே இரண்டு, கொஞ்சம் இடம் மாற்றி. மறுபடியும். ஒரு முழுச் சுற்றுக்கு வேறெதுவும் கிடைக்காதவர் போல அதையே உருட்டிக்கொண்டிருப்பார். வேறு யாராவது செய்தால் கற்பனை வறட்சி என்போம். இங்கே ஒவ்வொரு முறையும் அடுத்து எங்கே விழப்போகிறது என்று காது எட்டிப் பார்க்கிறது. அப்புறம் அந்த இரண்டு நாலாகி, நாலு ஒரு நீண்ட வாக்கியமாகி ஓடத் தொடங்கும்.

இன்னொரு இடம்: டிரம்ஸ் தனி முடிந்து ரோலின்ஸ் திரும்ப வரும்போது தாளத்தின் நடை மாறியிருக்கும். கலிப்ஸோ போய், பேஸ் அடிக்கு ஒரு சுரமாக நடக்க ஆரம்பித்து, முழு ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய துள்ளல் நடை. அதே சுற்று, அதே மெட்டு, ஆனால் வேறு தெருவுக்கு வந்துவிட்டோம். ஹார்ட் பாப் என்றால் என்னவென்று கேட்டீர்களே, அந்த மாற்றம் நடக்கும் விநாடியில் காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

டிரம்ஸ் தனி வரும்போது தள்ளிவிட்டுக் கேட்கலாமா?

கூடாது. ரோச் வாசிக்கும்போதும் மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள், சுற்றோடு எப்படிப் பொருந்திப் போகிறது என்று தெரியும். சத்தத்துக்காக ஓர் அடிகூட அடிக்காதவர்.

‘ப்ளூ 7’ பற்றி ஏன் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள்?

கந்தர் ஷுல்லர் என்ற இசையமைப்பாளர் ‘தி ஜாஸ் ரிவ்யூ’ பத்திரிகையில் 1958 நவம்பரில் இந்த ஒரு உருப்படியை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மெட்டின் துண்டுகளைக் கொண்டே ரோலின்ஸ் தன் மனோதர்மம் முழுவதையும் கட்டுகிறார், ஒரு சிம்ஃபொனி எழுதுபவர் உட்கார்ந்து யோசித்துச் செய்யும் ஒருமையை இவர் நின்ற நிலையில் செய்கிறார் என்பது அதன் சாரம். ஜாஸை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்து எழுதுவது அன்றைக்குப் புதிது. இன்றுவரை அந்தக் கட்டுரையைத் தாண்டாமல் இந்த ஆல்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேட்கும்போது இப்படிப் போகும். வாட்கின்ஸின் பேஸ் தனியாக நடந்து வரும், அவசரமே இல்லாமல். அதன்மேல் சாக்ஸபோன் ஒரு கோணலான மெட்டை வைக்கும். 12 பார் ப்ளூஸ்தான், ஆனால் வழக்கமான ப்ளூஸின் நிம்மதி இருக்காது. காரணம், மெட்டு சாய்ந்து நிற்கும் டி, ஏ ஃபிளாட் என்ற இரண்டு சுரங்களும் பி ஃபிளாட் ஏழாம் கார்டுக்கும் பொருந்தும், அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கும் ஈ ஏழாம் கார்டுக்கும் பொருந்தும். எந்த வீட்டில் இருக்கிறோம் என்று காது தடுமாறுகிறது. இந்த விவரம் தெரியாவிட்டாலும் தடுமாற்றம் கேட்கும், அது போதும். 11 நிமிடத்துக்கு மேல் ஓடும் இதில் பாதிக்குப் பின் ரோச்சின் தனி வரும். மும்மூன்றாக விழும் ஓர் அடிக்கோர்வையையும் ஒரு உருட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் கட்டுவதையும் ஷுல்லர் விடாமல் பாராட்டியிருக்கிறார்.

கட்டுரையைப் படித்த பிறகு ரோலின்ஸுக்கு வாசிக்கும்போது தன்னையே கவனிக்கும் கூச்சம் வந்துவிட்டதாம். தன்னைப் பற்றி எழுதப்படுவதைப் படிப்பதைக் கைவிட எண்ணினார். என் கருத்தைக் கேட்டால், ஷுல்லர் சொன்னது சரி, ஆனால் அவர் ஓர் இசையமைப்பாளர் தேடுவதைத் தேடினார், கண்டுபிடித்தார். ‘ப்ளூ 7’ முழுக்க இருக்கும் கிண்டல் அவர் கட்டுரையில் இல்லை.

கிண்டலா? வாத்திய இசையில் எங்கே கிண்டல்?

அதற்கு ‘மோரிடாட்’ கேளுங்கள். ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஷுல்லர் கட்சிக்காரர்கள் மன்னிக்கவும்.

1928இல் பெர்லினில் பிரெக்ட் எழுதி குர்ட் வைல் இசையமைத்த ‘மூன்று காசு நாடகம்’ என்ற இசை நாடகத்தின் தொடக்கப் பாட்டு இது. ஒரு கொலைகாரனின் கைவரிசையைத் தெருப்பாடகன் பட்டியலிடுவதாக அமைந்தது. ஆங்கிலத்தில் ‘மேக் த நைஃப்’ என்று லூயி ஆம்ஸ்ட்ராங் 1955இல் பாடிப் பதிவு செய்து பிரபலமாக்கினார். ரோலின்ஸ் இதை எடுத்தபோது பாட்டு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. சீரியஸான ஜாஸ் கலைஞர் ஒருவர் தொடத் தயங்கக்கூடிய மெட்டு. ரோலின்ஸுக்கு இந்த மாதிரி மெட்டுகள் என்றால் கொள்ளை ஆசை.

முதல் சுற்றில் மெட்டை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, சோம்பலாக, ஒரு சுரத்தை முழுதாக ஊதி அடுத்ததைப் பாதியிலேயே விழுங்கி. கொலைப் பட்டியலைச் சொல்பவன் பல்லுக்குக் குச்சி வைத்துக்கொண்டு சொல்வது போலிருக்கும். தனி தொடங்கியபின் நீண்ட ஓட்டம் ஒன்றை ஓடிவிட்டுச் சட்டென்று நிறுத்துவார். இரண்டு விநாடி வெறும் பேஸும் டிரம்ஸும். அப்புறம் ஒற்றைச் சுரத்தில் ஒரு உறுமல். கீழ் ஸ்தாயியில் அந்த உறுமல் வரும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம். பிறகு அவரும் ரோச்சும் நாலு பார் இவர், நாலு பார் அவர் என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பதை மட்டுமே கவனித்து ஒருமுறை கேட்கலாம்.

ஃபிளானகனைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. ரோலின்ஸ் இவ்வளவு இடைவெளி விட்டு வாசிக்கும்போது, அதையெல்லாம் நிரப்பிவிடலாம் என்றுதான் எந்தப் பியானோக்காரருக்கும் கை துறுதுறுக்கும். இவர் நிரப்புவதில்லை. தன் முறை வரும்போது சுத்தமாக, மிருதுவாக, ஒரு சுரமும் வீணாக்காமல் வாசித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்.

மிச்சம் இரண்டு?

‘யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்’ 1941ஆம் ஆண்டுப் பாட்டு, காலத்தை இழுத்து வாசிக்கும் மெதுவான உருப்படி. பெரிய சுரம், கொஞ்சம் காற்றும் கலந்து. ரோலின்ஸ் சிறுவயதில் வழிபட்ட மூத்த டெனர் கலைஞர் கோல்மன் ஹாகின்ஸின் நிழல் இதில் நன்றாகத் தெரியும். ‘ஸ்ட்ரோட் ரோட்’ வேகமானது, சிகாகோவில் இருந்த ஸ்ட்ரோட் ஹோட்டலின் பெயரை வைத்து வந்தது. அதில் பேஸ் மட்டும் துணைக்கு இருக்க ரோலின்ஸ் வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டே அவர் பியானோவைத் தூக்கிவிட்டு மூவர் குழுவாக வாசிக்கக் கிளம்பியது ஏன் என்று அங்கே புரியும்.

நண்பரின் மரணத்தின் துக்கம் இந்த ஆல்பத்தில் கேட்கிறது என்கிறார்களே?

தேதியைப் பார்த்தாலே இல்லை என்று தெரிந்துவிடும். ரோலின்ஸும் ரோச்சும் அப்போது டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனோடு ஒரே குழுவில் இருந்தார்கள். பிரவுனும் அக்குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும், பவலின் மனைவியும் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்தது 1956 ஜூன் 26. இந்தப் பதிவு அதற்கு நாலு நாள் முந்தியது. பிரவுனுக்கு அப்போது 25 வயதுதான். ரோச் அதிலிருந்து மீண்டுவர வெகுகாலம் ஆனது. ஆனால் அதையெல்லாம் ஜூன் 22இல் கொண்டுபோய் வைக்கவேண்டாம். உற்சாகமாக இருந்த ஒரு நாளின் பதிவு இது.

ரோலின்ஸின் சொந்தக் கதையைத் தேடுபவர்களுக்கு வேறு விஷயம் இருக்கிறது. 1950இல் ஆயுதக் கொள்ளை வழக்கில் கைதாகி சிறைக்குப் போனவர். ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபட 1955இல் கென்டக்கியில் லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே வந்து சிகாகோவில் கூலி வேலை பார்த்து, அந்த ஆண்டுக் கடைசியில்தான் மேடைக்குத் திரும்பினார். இந்தப் பதிவின்போது பழக்கத்தை விட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1956இல் அவர் அடுத்தடுத்து பதிவு செய்த வேகத்தை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பழைய பதிவு. ஒலி எப்படி? எதில் கேட்பது?

பயப்படாதீர்கள், நன்றாகவே இருக்கும். பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுப்பது தொழில், மற்ற நேரத்தில் நியூஜெர்சி ஹாக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு. ஹார்ட் பாப்பின் பாதி வரலாறு அந்த முன்னறையில் நடந்தது. பதிவு மோனோ, அதாவது ஹெட்ஃபோனில் இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும். உங்கள் ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை.

ஃபோனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். வாட்கின்ஸ் காணாமல் போய்விடுவார், பேஸ் இல்லாமல் ‘ப்ளூ 7’ தொடக்கம் வெறும் நிசப்தம்.

வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓடவிடலாமா?

‘செயின்ட் தாமஸ்’ ஓடவிடலாம். மற்றவை ஒன்று உங்கள் வேலையைக் கெடுக்கும், அல்லது நீங்கள் அவற்றைக் கெடுப்பீர்கள்.

ஜாஸ் சாக்ஸபோன் என்றால் எல்லோரும் ஜான் கோல்ட்ரேன் என்கிறார்கள். ஏன் ரோலின்ஸ்?

இருவரையும் கேளுங்கள், சண்டை தேவையில்லை. இந்த ஆல்பத்துக்கு ஒரு மாதம் முன்பு, 1956 மே 24 அன்று, ரோலின்ஸும் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்த ஒரே ஸ்டூடியோப் பதிவு ‘டெனர் மேட்னஸ்’. முதலில் வருவது யார், பின்னால் வருவது யார் என்று பெயர் பார்க்காமல் கேட்டுப் பழகினால் வித்தியாசம் புரியும். கோல்ட்ரேன் இடைவெளிகளை வெறுப்பவர் போல சுரங்களைக் கொட்டுவார், கூர்மையான குரல். ரோலின்ஸ் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். 1957இல் அதே ஹாக்கன்சாக் முன்னறையில் கோல்ட்ரேன் பதிவு செய்த ‘ப்ளூ டிரெய்ன்’ ஹார்ட் பாப்பின் இன்னொரு உச்சம். அதில் மூன்று ஊதுகருவிகள் சேர்ந்து வாசிக்கும் முழக்கம் இருக்கிறது. புதிதாக வருபவரை அது உடனே கவர்ந்துவிடும். ‘கொலோசஸ்’ மெதுவாகத்தான் பிடிக்கும்.

இவ்வளவு பேர் வாங்கியபின் ரோலின்ஸ் பாலத்தில் போய் வாசித்தார் என்பது உண்மையா?

உண்மை. 1959இல், புகழின் உச்சியில், தன் வாசிப்பு போதாது என்று மேடையை விட்டு விலகினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்ததால் சத்தம் செய்ய மனமில்லை. நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய் மணிக்கணக்காகச் சாதகம் செய்தார். 1961இல் திரும்பி வந்தார், அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தின் பெயரே ‘தி பிரிட்ஜ்’. 1960களின் கடைசியில் மறுபடி விலகி, மும்பை பவாயில் ஓர் ஆசிரமத்தில் சில மாதம் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்தார்.

அடுத்து எதைக் கேட்கலாம்?

ரோலின்ஸிலேயே இருக்க விரும்பினால் 1957இல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவான ‘வே அவுட் வெஸ்ட்’. கௌபாய் பாட்டுகளை பியானோ இல்லாமல் வாசிக்கிறார், ‘மோரிடாட்’ பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் நேரடியாகப் பதிவானது இதைவிடக் கரடுமுரடு. ‘ப்ளூ 7’ பிடித்திருந்தால் அங்கே போங்கள்.

கொஞ்சம் இதமான டெனர் வேண்டும் என்றால் ஹாங்க் மோப்லியின் ‘சோல் ஸ்டேஷன்’, 1960. ஆர்ட் பிளேக்கிதான் டிரம்ஸ். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கலாம், வீட்டில் யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லமாட்டார்கள்.